அமெரிக்கர் 'கார்' என்கிறார், லண்டன்காரர் 'கா' என்கிறார். ஏன்?

ஆங்கிலத்தில் உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்' உச்சரிக்கப்படுகிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. அமெரிக்காவில் பெரும்பாலோர் அதை நன்றாகவே சொல்வார்கள். லண்டன் பேச்சில் 'கா' என்று நீளும். ஆனால் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் விட்ட 'ர்' திரும்பிவிடும்: 'த கா' என்பவரே 'த கார் இஸ் ஹியா' என்பார். எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

காரணம் காலம். 1607இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர்கள் 'ர்' சொல்லிப் பேசியவர்கள். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் அது பரவலாக உதிர்ந்தது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1788இல் குடியேற்றம் தொடங்கிய ஆஸ்திரேலியாவில் இன்றும் 'கா'தான். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ர்' போகவே இல்லை.

வெளியூர் போன அக்கா பாட்டியின் குழம்பை அப்படியே வைக்கிறார். பாட்டி வீட்டிலேயே கைப்பக்குவம் மாறிவிட்டது. அந்த மாதிரிதான்.

சரி, கற்பவர்கள் எதைப் பின்பற்றலாம்? தமிழர் நாக்குக்கு 'ர்' இயல்பாக வரும், தாராளமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கர்கள் 'ர்' சேர்த்து ஆங்கிலத்தைக் கெடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் சேர்க்கவில்லை, விட்டவர்கள் லண்டன்காரர்கள்.