இரண்டு கைப்பிடிக் கதவு

மதிப்பிற்குரிய ஐயா,

ஃபீனிக்ஸில் வேலை செய்கிறேன். டிசம்பரில் அப்பா வருகிறார். அவரை அரிசோனாவின் ரூட் 66 சாலையில் அழைத்துப்போக ஆசை. இரண்டு நாள் போதுமா? செத்துப்போன ஒரு சாலையைக்கூட இவர்கள் பாரம்பரிய உணர்வோடு காப்பாற்றுவது வியப்பாக இருக்கிறது.

கதிர்

அன்புள்ள கதிர்,

இரண்டு நாள் போதும். குளிரும், அப்பாவுக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக் கொடுங்கள்.

அதென்ன ‘பாரம்பரிய உணர்வு’? யாரோ சொன்னதை அப்படியே எழுதிவிடுவதா? 1926இல் 66 என்று எண் பெற்ற நெடுஞ்சாலை அது. 1978 செப்டம்பர் 22 அன்று, அந்தச் சாலையில் இருந்த செலிக்மன் ஊரை ஒதுக்கிவிட்டு ஐ-40 என்ற புதிய விரைவுச்சாலை திறந்தது. ஊர் நடுவே ஓடிய வண்டிகள் அன்றே மறைந்தன. 1984இல் வில்லியம்ஸ் என்ற ஊருக்கும் அதே கதி. மறுவருடம் 66 என்ற எண்ணையே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். அப்போதெல்லாம் உங்கள் உணர்வு எங்கே போயிருந்தது?

செலிக்மனில் ஏஞ்சல் டெல்கடீயோ சலூன் வைத்திருந்தார். வண்டி நிற்காத ஊரில் யார் முடிவெட்டிக்கொள்வார்கள்? மோட்டல்காரருக்கும் பெட்ரோல் பங்க்காரருக்கும் அதே கவலை. 1987இல் அவர் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிச் சங்கம் வைத்தார். விடாமல் நச்சரித்தார்கள். அதே ஆண்டு செலிக்மன் முதல் கிங்மன் வரையிலான சாலையை ‘வரலாற்றுச் சாலை’ என்று மாநில அரசு அறிவித்தது. வயிற்றுப்பாடு, கதிர். கல்லாப்பெட்டி காலியானவர்கள் காப்பாற்றிய சாலை அது. இதைச் சொன்னால் ஏதோ மட்டமாகிவிடும் என்று நினைக்கிறோம். எனக்கோ இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிறவர் பேசி முடித்ததும் வீட்டுக்குப் போய்விடலாம். கடைக்காரர் எங்கே போவார்?

அந்தச் சலூனுக்குப் போயிருக்கிறேன். சுவரெல்லாம் வந்தவர்கள் ஒட்டிய விசிட்டிங் கார்டுகள். நானும் பையைத் துழாவினேன், கார்டு இல்லை. பேருந்துச் சீட்டின் பின்னால் பெயரெழுதிச் செருகிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஸ்னோ கேப். ஏஞ்சலின் அண்ணன் ஹுவான் 1953இல் தொடங்கிய தீனிக்கடை. கதவில் கீல் பக்கமும் ஒரு கைப்பிடி வைத்திருந்தார். நான் அதைப் பிடித்து மல்லுக்கட்டினேன். உள்ளே சிரிப்புச் சத்தம். சரி, இன்னொன்றை இழுத்துக்கொண்டு போனால், கவுண்டரில் கடுகுச் சாஸ் புட்டியை என்மேல் பீய்ச்சினார்கள். பதறிச் சட்டையைப் பார்த்தேன். சாஸ் இல்லை, வெறும் மஞ்சள் நூல்! வியாபாரம் படுத்த ஊரிலும் மனிதர் விளையாடியிருக்கிறார்.

கடை திறந்திருந்தால் அப்பாவை அங்கே முன்னால் போகவிடுங்கள். கைப்பிடியைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.