சூப்பர்வைசர் வேலைக்கு பிரிட்டன் விசா கிடைக்குமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு 7 ஆண்டுகளாக சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறேன். கடைசி 3 ஆண்டுகளாகக் கிளை மேலாளர். பிரிட்டனில் ஒரு மளிகைக் கடையில் ‘ஸ்டோர் சூப்பர்வைசர்’ வேலை இருக்கிறது, ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். சான்றிதழுக்கு மட்டும் பெரிய தொகை கேட்கிறார். பாதியை முன்பணமாகத் தர வேண்டுமாம். கொடுக்கலாமா? இல்லை, விசா ஸ்பான்சர் செய்யும் கடை வேலையை நானே தேட முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்பதாகச் சொல்லும் சரக்கு இப்போது கிடையாது.

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் என்பது காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் காகிதம் இல்லை. பிரிட்டன் உள்துறையிடம் உரிமம் பெற்ற நிறுவனம், இன்ன ஆளுக்கு, இன்ன வேலைக்கு, இன்ன சம்பளத்துக்கு என்று இணையத்தில் பதிவு செய்யும்போது விழும் எண் அது. வெளிநாட்டில் இருப்பவரை எடுப்பதானால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் நிறுவனம் உள்துறையிடம் தனியே அனுமதி கேட்க வேண்டும். அதற்கான 525 பவுண்ட் கட்டணத்தை வேலைக்கு வருபவர் தலையில் கட்டக் கூடாது என்பது 2024 டிசம்பர் 31 முதல் விதி. வெளிநாட்டவரை எடுப்பதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்டும் குடியேற்றத் திறன் கட்டணத்துக்கும் இதே தடை முன்பிருந்தே உண்டு. உங்கள் முக்கியச் செலவு விசா விண்ணப்பக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணமும்தான். அத்துடன் 1,270 பவுண்ட் உங்கள் கணக்கில் 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். உள்துறையின் ‘ஏ’ தரம் பெற்ற நிறுவனம் முதல் மாதச் செலவுக்குத் தான் பொறுப்பு என்று சான்றளித்தால் அதுவும் தேவையில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேலையிலேயே இருக்கிறது. விசா அதிகாரி கடையின் பெயரையோ, நியமனக் கடிதத்தில் இருக்கும் பதவிப் பெயரையோ வைத்து முடிவு செய்வதில்லை. நான்கு இலக்கத் தொழில் குறியீடு ஒன்று உண்டு, எல்லாம் அதைப் பொறுத்துத்தான். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ (திறன் பணியாளர்) விசாவுக்கான தொழில் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் நேராக உயர்திறன், நடுத்திறன், தகுதியில்லை என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும். 2025 ஜூலை 22 முதல், புதிதாக வருபவர்களுக்கு உயர்திறன், அதாவது பட்டப்படிப்பு நிலை வேலைகள் மட்டுமே. ஆள் தட்டுப்பாட்டுக்கான பட்டியல்களில் சில நடுத்திறன் வேலைகளுக்கு விலக்கு உண்டு; கேஷியரோ, சேல்ஸ் உதவியாளரோ, கடை சூப்பர்வைசரோ அவற்றில் இல்லை.

சம்பளமும் தடைதான். ஆண்டுக்கு 41,700 பவுண்ட், அல்லது அந்தக் குறியீட்டுக்கு வகுத்திருக்கும் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அது. மணிக்கு 17.13 பவுண்டுக்குக் குறையவும் கூடாது. ஓவர்டைம், போனஸ், தங்குமிடப் படி எதையும் இதில் கூட்டிக் காட்ட முடியாது. ஒரு சிறிய மளிகைக் கடை சூப்பர்வைசருக்கு இந்தச் சம்பளம் தருமா என்று 7 ஆண்டு அனுபவம் உள்ள உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில்தான் சில ஏஜென்ட்கள் கைவரிசை காட்டுகிறார்கள். கல்லாவில் நிற்கப் போகிறவரை உயர்திறன் குறியீடு ஒன்றில் ‘மேலாளர்’ என்று பதிவு செய்வார்கள். வேலை உண்மையானதுதானா என்று உள்துறை விசாரிக்கும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தப்பித்தவறி விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இருக்காது: பிறகொரு சோதனையில் கடையின் உரிமம் ரத்தானால், வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள வழக்கமாகக் கிடைக்கும் அவகாசம் 60 நாள்தான்.

சரி, நீங்களே எப்படித் தேடுவது? வேலைத் தளங்களில் ‘விசா ஸ்பான்சர்ஷிப்’ என்று தட்டுவதில் பெரிய பயன் இல்லை. ‘ஸ்பான்சர்ஷிப் தர இயலாது’ என்று எழுதிய விளம்பரங்களும் அதே சொல்லுக்கு வந்து கொட்டும். முதலில் குறியீட்டைப் பிடியுங்கள். கடைத்தளத்தில் அடைபட்ட கதவு, அதே நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் திறந்திருக்கலாம்: கொள்முதல் மேலாளர், கணக்காளர், மென்பொருள் ஆட்கள். மருந்துக்கடைச் சங்கிலிகளில் மருந்தாளுநர், கண்ணாடிக் கடைகளில் கண் பரிசோதகர். பின்னவை இரண்டும் சட்டப்படி பதிவு தேவைப்படும் தொழில்கள் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கையில் இருப்பது சரக்கு வாங்கிய அனுபவம். கிளைக்குச் சரக்குத் தேவையைக் கணித்தது, சப்ளையரிடம் பேரம் பேசியது, கழிவைக் குறைத்தது ஆகியவற்றை எண்களோடு எழுதினால் கொள்முதல் பக்கம் நகர முடியும். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கிளை மேலாளர் நாற்காலியிலிருந்து நேரே அந்தச் சம்பளத்துக்குத் தாவுவது அரிது. உள்ளூரிலேயே கொள்முதல் துறையில் இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு முயல்வதுதான் நடைமுறை.

குறியீடு முடிவானதும் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பதிவேட்டை எடுங்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிறுவனத்தின் பெயர், ஊர், தரம், எந்த விசா வகைக்கு உரிமம் என்ற நான்கையும் பாருங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. நிறுவனத்துக்குள் இடமாற்றம் செய்வதற்கு மட்டும் உரிமம் வைத்திருக்கும் கம்பெனி உங்களைப் புதிதாக எடுக்க முடியாது. பலகையில் இருக்கும் பெயரும் சட்டப்படியான பெயரும் வேறாக இருக்கும்; ‘கம்பெனீஸ் ஹவுஸ்’ என்ற அரசுப் பதிவகத்தில் தேடினால் உண்மைப் பெயர், தொடங்கிய தேதி, இயக்குநர்கள் விவரம் எல்லாம் வந்துவிடும். தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத, ஒரே இயக்குநர் உள்ள கடை வெளிநாட்டிலிருந்து மேலாளரைத் தேடுகிறது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் உங்கள் வேலைக்கு ஸ்பான்சர் செய்வார்கள் என்று ஆகிவிடாது. விண்ணப்பப் படிவத்தில் ‘ஸ்பான்சர்ஷிப் தேவையா’ என்ற கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். கடைசிச் சுற்றில் தெரிந்து வேலை போவதைவிட முதலிலேயே நிராகரிக்கப்படுவது நல்லது. ஆங்கிலத் தேர்வில் 2026 ஜனவரி 8 முதல் பி2 நிலை (மேல்நடுத்தர நிலை) தேவை.

உங்கள் அனுபவத்துக்கு பிரிட்டனைவிடக் கனடா கொஞ்சம் மரியாதை தருகிறது. அங்கே சில்லறை வணிக மேலாளர், சில்லறை விற்பனை சூப்பர்வைசர் இரண்டுமே திறன்மிகு வேலைகளாகக் கணக்கில் வருகின்றன. ஆகவே வேலை வாய்ப்புக் கடிதம் இல்லாமலேயே ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற இணையவழிக் குடியேற்றத் தேர்வு முறையில் நிரந்தர வசிப்புரிமைக்குப் பதிய முடியும். ஓராண்டுத் தொடர் அனுபவம், மொழித் தேர்வின் நான்கு பிரிவிலும் கனடா மொழி அளவுகோலின்படி 7-ஆம் நிலை, தகுதிப் பட்டியலில் 100-க்கு 67 மதிப்பெண் ஆகியவை அடிப்படை. பதிந்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு வராது, போட்டி கடுமை. யாருக்கு அழைப்பு என்று முடிவு செய்யும் தரவரிசையில் வேலைக் கடிதத்துக்குத் தந்த கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச் 25-இல் நீக்கிவிட்டார்கள். ‘கனடா வேலைக் கடிதம் வாங்கினால் மதிப்பெண் ஏறும்’ என்று இன்னமும் விற்பவர்கள் பழைய சரக்கை விற்கிறார்கள்.

கடைத்தள வேலைக்கே வழக்கமாக விசா தருவது வளைகுடா நாடுகள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆள் சேர்க்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது சட்டம். வேலை அழைப்புக் கடிதம் தொழிலாளர் அமைச்சகம் வழியாக வரும். பின்னால் போடும் ஒப்பந்தம் அதோடு ஒத்திருக்க வேண்டும். விசிட் விசாவில் போய் வேலையில் சேர்ந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள், அது சட்டவிரோதம்.

உங்கள் ஏஜென்டிடம் இரண்டு விவரம் மட்டும் எழுத்தில் கேளுங்கள்: நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், வேலையின் நான்கு இலக்கக் குறியீடு. இரண்டும் கைக்கு வந்து, நீங்களே சரிபார்க்கும் வரை பாஸ்போர்ட் நகலைக்கூட அனுப்ப வேண்டாம்.