காய்ச்சல் செய்தி கேட்டுப் பங்கை விற்கலாமா?

கரூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் 9 லட்சம் போட்டிருக்கிறேன். வெளிநாட்டில் ஏதோ புதிய காய்ச்சல் பரவுகிறதாம். 2020 மாதிரி மார்க்கெட் விழும், எல்லாவற்றையும் விற்று நான் சொல்கிற இடத்தில் போடுங்கள் என்று தெரிந்த ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். விற்கட்டுமா?"

அவர் சொன்னார் என்பதற்காக விற்காதீர்கள் அம்மா.

2020 ஜனவரியில் 42,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் (மும்பைப் பங்குச்சந்தையின் குறியீட்டு எண்), மார்ச் 23 அன்று 25,981-ல் வந்து நின்றது. அன்று ஒரே நாளில் 13 சதவீதச் சரிவு. நடுவில் 45 நிமிடம் வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். ஊரடங்கால் வியாபாரம் படுத்தது உண்மைதான். ஆனால் அந்த வேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகத்துக்குப் பயம் வந்தால் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்மைப் போன்ற நாடுகளில் போட்ட பணத்தைத்தான் முதலில் உருவிக்கொண்டு டாலருக்கு ஓடுவார்கள். அந்த ஒரு மாதத்தில் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகளை விற்றார்கள். ரூபாய் மதிப்பும் சேர்ந்து இறங்கியது.

அப்புறம்? ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது, பெரிய நாடுகளும் பணத்தை இறக்கிவிட்டன, போனவர்களே திரும்பி வந்தார்கள். நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியது. 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது. மார்ச்சில் பதறி விற்றவர்களுக்கு நஷ்டம் மட்டும் மிஞ்சியது.

இதைக் கேட்டுவிட்டு எந்தப் பங்கும் எழுந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். யெஸ் பேங்க் 2018-ல் 400 ரூபாய் வரை போன பங்கு. வாராக்கடனால் கொரோனாவுக்கு முன்பே நொண்டிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் மறுசீரமைப்புத் திட்டம் வந்தபோது, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் முக்கால்வாசியை மூன்று வருடம் விற்கக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். மார்க்கெட் ஏறி எங்கேயோ போய்விட்டது, அந்தப் பங்கு பழைய விலையின் பக்கம்கூட வரவில்லை. ஆகவே கையில் என்னென்ன கம்பெனி இருக்கிறது என்று பாருங்கள். கடனில் மூழ்கிய கம்பெனி என்றால் காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணமும் பங்கில் இருக்க வேண்டாம்.

சரி, ஏஜென்டுக்கு வருவோம். "நான் சொல்கிற இடம்" என்பது என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை இன்சூரன்ஸ் பாலிசி. முதல் வருடக் கமிஷன் அதில்தான் கொழுப்பு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்த ஆலோசகரா என்று கேளுங்கள், எண்ணை வாங்கி செபி இணையதளத்தில் சரிபாருங்கள். ஃபண்ட் விற்பவருக்கும் ஒரு எண் இருக்கும், அதை நீட்டுவார்; அது விற்பதற்கான அனுமதி, ஆலோசனைக்கு அல்ல. இந்த வித்தியாசத்தைத் தமிழில் நாலு வரி அச்சடித்து விண்ணப்பத்தோடு கொடுத்தால் எவ்வளவு பேர் தப்பிப்பார்கள்! எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் இருபது பக்கம் தருகிறார்கள், கையெழுத்து போடும் இடத்தில் மட்டும் பென்சிலால் பெரிதாகப் பெருக்கல் குறி.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம், ஓடிபி சொல்ல வேண்டாம். அந்த 'இடத்தின்' பெயரையும் இடையில் பணத்தை எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.