தீம் பார்க் டிக்கெட் ஏறிக்கொண்டே போகிறது: கடன் வாங்கியாவது இப்போதே போய்விடலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4 ஆகப்போகிறது (உயரம் 97 செ.மீ.). பெரிய தீம் பார்க் ஒன்றுக்கு வரும் பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் போய்வர நினைக்கிறோம். செலவைக் கூட்டிப் பார்த்தால் எங்கள் இருவரின் ஒன்றரை மாதச் சம்பளம் வருகிறது. அதை 100 என்று வைத்தால் நுழைவு டிக்கெட் 38, வரிசையில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் பாஸ் நான்கு பேருக்கும் 14, பயணமும் தங்குவதும் 33, சாப்பாடு, லாக்கர், போட்டோ, பொம்மை எல்லாம் சேர்த்து 15. கையில் பணம் இல்லை. "டிக்கெட் வருஷா வருஷம் ஏறுகிறது, இப்போது விட்டால் எப்போதும் போக முடியாது. கார்டில் போட்டு 12 மாதத் தவணையில் கட்டிவிடலாம்" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு கொடுத்துப் போவது தகுமா? வருடாந்திர பாஸ் எடுத்தால் லாபமா?

பதில்: தகும், ஆனால் இந்த விடுமுறையில் வேண்டாம். அடுத்த ஆண்டு, பள்ளி நடக்கும் ஒரு வாரத்தின் நடுவில் போங்கள். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் பொருந்தும் காரணம் ஒன்று இதில் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணவரின் வாதம். டிக்கெட் ஏறுகிறது என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் எந்த நாள் டிக்கெட் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்ட் 2016 பிப்ரவரி வரை எல்லா நாளுக்கும் ஒரே விலை வைத்திருந்தது. அந்த மாதத்தில்தான் ஒரு நாள் டிக்கெட்டைக் கூட்டம் குறைந்த நாள், சாதாரண நாள், உச்ச நாள் என்று மூன்றாகப் பிரித்து 95, 105, 119 டாலர் என்று விலை போட்டார்கள். 2024 அக்டோபரில் அதே பூங்காவின் மிகக் குறைந்த விலை 104 டாலர், மிக அதிக விலை 206. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரை ஆண்டில் உச்ச நாள் 73 விழுக்காடு ஏறியிருக்கிறது, மலிவான நாள் 9 விழுக்காடுதான். அதே காலத்தில் அமெரிக்க விலைவாசி 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிட்டதால், மலிவான நாளில் போகிறவர் உண்மையில் முன்பைவிடக் குறைவாகவே கொடுக்கிறார். அந்த மலிவான நாட்கள் ஆண்டில் கொஞ்சமே, அவையும் பெரும்பாலும் பள்ளி நாட்களில்தான் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று பல பெரிய பூங்காக்களும் இந்த வழியில்தான் போகின்றன. டோக்கியோ டிஸ்னிலேண்டும் 2021இலிருந்து நாளைப் பொறுத்து விலை மாற்றுகிறது. காரணம் எளிது. ஒரு ரோலர் கோஸ்டர் மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும், கூட்டம் வருகிறதே என்று இன்னும் நூறு பேரை அதில் திணிக்க முடியாது. அதனால் நெரிசல் நாளில் விலையை ஏற்றிச் சிலரை வேறு நாளுக்குத் தள்ளுகிறார்கள். தள்ள முடியாதவர்கள், அதாவது பள்ளிக்குழந்தைகளின் பெற்றோர், முழு விலை கொடுக்கிறார்கள். இதில் பூங்காக்கள் சில சமயம் கை சுட்டுக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனம் 2022இல் மலிவு பாஸ்களையும் தள்ளுபடிகளையும் வெட்டி விலையை ஏற்றியது. முந்தைய ஆண்டு சுமார் 2.77 கோடியாக இருந்த வருகை சுமார் 2.05 கோடியாக இறங்கியது. ஆக, டிக்கெட் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும், இன்றே பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை. (1955இல் டிஸ்னிலேண்ட் நுழைவு 1 டாலர்தான் என்று சொல்லி ஏங்குபவர்கள், அந்த ஒரு டாலரில் ரைடுகள் சேராது, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.)

இப்போது தவணைக்கு வருவோம். கார்டு வட்டி மாதம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 செலவை 12 மாதத்தில் அடைத்தால் மாதம் சுமார் 10, மொத்தம் 120க்குச் சற்று மேல் கட்டுவீர்கள். மாறாக ஓராண்டு காத்திருந்து, டிக்கெட் 8 விழுக்காடு ஏறிவிட்டால் என்ன ஆகும்? டிக்கெட் உங்கள் செலவில் 38தான், அதில் 8 விழுக்காடு என்பது 3. தங்குமிடம், சாப்பாடு என்று எல்லாமே அதே அளவு ஏறினாலும் 8தான். எட்டுக்குப் பயந்து இருபது கட்டச் சொல்கிறார் கணவர். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் வந்தால், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முழுப் பணத்தையும் உடனே கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போகிறதா என்று கேளுங்கள். பல நேரம் வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தகுமா என்ற கேள்விக்கு நான் டிக்கெட் விலையைப் பார்ப்பதில்லை, ஒரு ரைடுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பேன். விடுமுறை நாளில் பேர்போன ரைடு ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்கிறீர்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காலையில் கதவு திறக்கும்போது போய் இரவு வரை இருந்தாலும் நாளுக்கு ஆறு ரைடு தேறினால் பெரிது. பள்ளி நாளில் அதே பூங்காவில் பன்னிரண்டு போகலாம். உங்கள் கணக்கிலேயே பார்த்தால் இரண்டு நாளுக்கு டிக்கெட் 38, ரைடு பன்னிரண்டு, ஆகவே ஒரு ரைடுக்கு 3க்கு மேல். பள்ளி நாளில் ஓராண்டு ஏற்றத்தையும் சேர்த்து டிக்கெட் 31க்குக் கிடைத்து, இரண்டு நாளில் இருபத்து நான்கு ரைடு போனால் ஒன்றுக்கு 1.3. உங்கள் பூங்காவில் இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம், ஆனால் மலிவான நாளில்தான் அதிக ரைடும் கிடைக்கும் என்பது மாறாது.

ஃபாஸ்ட் பாஸ் ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். நெரிசல் நாளில் அது ரைடு எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் அது போகும் திசையைப் பாருங்கள். டிஸ்னியில் 1999இல் இந்த வசதி வந்தபோது இலவசம். 2021 அக்டோபரில் ஃபுளோரிடா பூங்காக்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் ஆனது. 2024இல் அங்கே அறிமுகமான உயர்தர பாஸின் உச்ச விலை 449 டாலர், அதாவது உள்ளே நுழையும் டிக்கெட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். பூங்கா இப்போது விற்பது ரைடை அல்ல, முன்னால் நிற்பவர் இல்லாமையை. அதைக் காசு கொடுக்காமல் பெற ஒரே வழி, முன்னால் ஆள் இல்லாத நாளில் போவது.

உங்கள் பட்டியலில் உள்ள 14இல் ஒரு பங்கு நேரடி நஷ்டம். மகனுக்கும் ஃபாஸ்ட் பாஸ் போட்டிருக்கிறீர்கள். நீளமான வரிசை நிற்கும் ரைடுகளில் பலவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. 102 செ.மீ. என்பது பல பூங்காக்களில் பரவலாக உள்ள முதல் கோடு, வேகமான ரோலர் கோஸ்டர்களுக்கு 122, சிலவற்றுக்கு 137. 97 செ.மீ. உள்ள பையனை அந்த ரைடின் வாசலில் அளவுகோலில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அவன் அழுவான், உங்களில் ஒருவர் அவனோடு வெளியே உட்கார்ந்திருப்பார். அவருடைய பாஸும் அந்த நேரம் வீண். இதற்குப் பல பூங்காக்களில் பெற்றோர் மாற்றி மாற்றிப் போகும் ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் போய்வந்ததும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். மகளும் சில இடங்களில் இரண்டு முறை போய்க்கொள்ளலாம், அவளுக்கு அதுவே கொண்டாட்டம். இது இலவசம், ஆனால் நீங்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

அடுத்த ஆண்டு போங்கள் என்று நான் சொன்னது இந்த உயரத்தை வைத்துத்தான். இந்த வயதில் குழந்தைகள் ஆண்டுக்கு 6, 7 செ.மீ. வளர்வது இயல்பு. அடுத்த ஆண்டு மகன் 102ஐத் தாண்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, இன்று அவனுக்கு மூடியிருக்கும் கதவுகளில் கணிசமானவை திறக்கும். மகளுக்கு அப்போது 9. டிஸ்னி பூங்காக்கள் அமெரிக்காவில் 10 வயது முதல் பெரியவர் விலை வாங்குகின்றன, 3 முதல் 9 வரை சிறுவர் விலை. ஆக, அடுத்த ஆண்டு மகனுக்குக் கொடுக்கும் காசுக்குப் பயன் கூடுகிறது, மகளும் இன்னும் சிறுவர் விலையில் இருக்கிறாள். அதற்கும் அடுத்த ஆண்டு தள்ளினால் அந்தச் சலுகை போய்விடும். எல்லாப் பூங்காவும் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை வைத்துச் சிறுவர் விலை போடும் இடங்களும் நிறைய. நீங்கள் போகும் இடத்தில் எது என்று இன்றே பார்த்துவிடுங்கள். உயரம்தான் அளவு என்றால், வேகமாக வளரும் மகள் விஷயத்தில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? மலிவான நாளில் டிக்கெட் 31, ஃபாஸ்ட் பாஸ் வேண்டாம், கூட்டம் இல்லாத வாரத்தில் பயணமும் அறையும் 28 என்று வைப்போம், மற்ற செலவு அதே 15. மொத்தம் 74. ஒன்றரை மாதச் சம்பளமாக இருந்தது 1.1 மாதச் சம்பளமாக இறங்கிவிட்டது. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் சம்பளத்தில் 9 விழுக்காடு. தவணையில் போயிருந்தால் 15 விழுக்காடு கட்டிக்கொண்டிருப்பீர்கள். சம்பளம் வந்த அன்றே இந்த 9 தானாகப் பிரிந்து வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். சாதாரண சேமிப்பு அல்லது ஓராண்டு வைப்பு போதும். பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஓராண்டுப் பணத்துக்கு அது இடமல்ல. மாதம் 9 விழுக்காடுகூட ஒதுக்க முடியவில்லை என்றால் ஒரு நாள் பயணமாகச் சுருக்குங்கள். இரண்டாம் நாள் டிக்கெட்டைப் பூங்காக்கள் மலிவாகத்தான் கொடுக்கும், ஆனால் அதோடு சேர்ந்து வரும் அறை வாடகையும் சாப்பாடும் மலிவாக வராது. 4 வயதுப் பையனுக்கு முதல் நாள் மாலையே கால் ஓய்ந்துவிடும்.

பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போடுவதா என்று தயங்குவீர்கள். மூன்றாம், நான்காம் வகுப்பில் தேர்வு இல்லாத வாரத்தில் இரண்டு நாள் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பது என் கருத்து. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் பள்ளி இதில் கண்டிப்பு என்றால், விடுமுறையின் நடுப்பகுதியைத் தவிர்த்துக் கடைசி வாரத்தின் செவ்வாய், புதனைப் பாருங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம். முதலாவது, பூங்காவின் சொந்தத் தளத்தில் அந்த வாரம் எந்தெந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கும் என்று பாருங்கள். கூட்டம் குறைந்த காலத்தில்தான் பழுது பார்ப்பார்கள், மகள் ஆசைப்படும் ரைடே மூடிக்கிடந்தால் மலிவு விலைக்கு அர்த்தமில்லை. இரண்டாவது, தேதி போட்ட டிக்கெட்டைப் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள், தேதியை மாற்ற மட்டும் சில இடங்களில் விடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன என்று அந்த விதிகளில் தேடுங்கள். யாரோ பாதி பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள், முதலில் நுழைந்தவருக்கு மட்டும்தான் அது செல்லும்.

வருடாந்திர பாஸ் உங்களுக்கு வேண்டாம். அதன் விலை இரண்டரை நாள் டிக்கெட் என்றால் மூன்றாம் முறை போகும்போது லாபம் என்று தோன்றும். ஆனால் உங்கள் பட்டியலில் பயணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து 48, ஒவ்வொரு முறையும் அதில் பெரும்பகுதி மறுபடி செலவாகும். பாஸ் விற்பவருக்கும் அதுதான் வேண்டும். நீங்கள் திரும்பத் திரும்ப வந்து உள்ளே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வராமலே இருக்க வேண்டும். மலிவான பாஸ்களில் விடுமுறை நாட்களுக்கு அனுமதி இல்லாமலும் இருக்கும். பூங்காவிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது கணக்குக்கு ஒத்துவரும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ராத்திரி தங்காமல் திரும்ப முடியாத தூரம்.