மார்க்கெட்டிங் படிப்பு: எந்தக் கல்லூரி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் 521 மார்க். மார்க்கெட்டிங்தான் படிப்பேன் என்கிறாள். கோவையில் பழைய தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில், சுயநிதிப் பிரிவில் பி.காம். மார்க்கெட்டிங் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு 45,000 ரூபாய். விடுதியும் சாப்பாடும் 90,000. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் கிரேடு ஏ++. எங்கள் ஊர்ப் பக்கம் ஐந்து வருடம் முன்பு தொடங்கிய கல்லூரியில் 'பி.பி.ஏ. டிஜிட்டல் மார்க்கெட்டிங்'. கட்டணம் 95,000, பஸ் 22,000, 'இண்டஸ்ட்ரி சர்ட்டிஃபிகேட்' என்று தனியாக 15,000; எல்லாமே ஆண்டுக்கு. எதில் சேர்க்கலாம்?
– ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கோவையில் மூன்று ஆண்டுக்கு 4,05,000 ரூபாய். ஊர்ப் பக்கத்தில் எல்லாம் சேர்த்து 3,96,000. வித்தியாசம் 9,000 ரூபாய்தான். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அந்த 15,000 ரூபாய் சான்றிதழ் யார் தருவது என்று கேளுங்கள். கூகுள் ஆட்ஸ் (இணைய விளம்பரம்), கூகுள் அனலிட்டிக்ஸ் (இணையதளப் பார்வையாளர் கணக்கு) சான்றிதழ்களைக் கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேர்வெழுதி வாங்கலாம். மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனமான ஹப்ஸ்பாட்டின் அகாடமியிலும் இலவசப் படிப்புகள் உண்டு. இவற்றைத்தான் தருகிறார்கள் என்றால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 45,000 ரூபாய் வீண். பயிற்சி கொடுக்க ஆள் வைத்திருக்கிறோம் என்பார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் எடுக்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது பட்டத்தின் பெயர். தொடங்கி ஐந்தாண்டே ஆன கல்லூரி பெரும்பாலும் தன்னாட்சி (பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும் உரிமை) பெற்றதாக இருக்காது. அப்படியானால் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாமே பல்கலைக்கழகத்துடையது. கல்லூரி தன் இஷ்டத்துக்குப் பாடத்தை மாற்ற முடியாது. 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்பது பட்டச் சான்றிதழில் அச்சாகுமா, இல்லை விளம்பரப் பலகையோடு நின்றுவிடுமா? முதல்வர் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்புக்கு, தொழில்நுட்ப, மேலாண்மைப் படிப்புகளுக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலும் வேண்டும். நடப்பு ஆண்டின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். படிப்பின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் அதிலேயே இருக்கும். பி.காம். படிப்புக்கு இது தேவையில்லை.

ஏ++ விஷயத்துக்கு வருவோம். நாக் மதிப்பீட்டில் 4-க்கு 3.51 அல்லது அதற்கு மேல் எடுத்த கல்லூரிக்கு அந்தக் கிரேடு. ஆனால் அது கல்லூரி முழுவதற்கும் சேர்த்துப் போட்ட மார்க். வேதியியல் துறையின் ஆராய்ச்சி, நூலகம், நிர்வாகம் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் மகள் உட்காரப் போகும் சுயநிதி வகுப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியாக ஓடும்; நேரம் வேறு, கட்டணம் வேறு, பெரும்பாலும் ஆசிரியர்களும் வேறு. சுயநிதிப் பிரிவில் சம்பளம் குறைவு என்பதால் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. 'இரண்டு வருடத்துக்கு முன் இந்தத் துறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்?' என்று மூன்றாமாண்டு மாணவிகளிடம் கேளுங்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்டுப் பயனில்லை.

பிறகு இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் இறக்கி, ஆறு செமஸ்டரிலும் மார்க்கெட்டிங் தாள்களை மட்டும் எண்ணுங்கள்: நுகர்வோர் நடத்தை, மார்க்கெட் ஆராய்ச்சி, விற்பனை மேலாண்மை, ரீடெயில், விளம்பரம் போன்றவை. பெயரில் மார்க்கெட்டிங் இருந்தும் மூன்று நான்கு தாளோடு முடிந்து, மீதி எல்லாம் கணக்கியலும் வணிகச் சட்டமுமாக இருக்கும் படிப்புகள் உண்டு. புள்ளியியல் தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலையில் எவ்வளவு செலவழித்தோம், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நாள் முழுக்க எக்ஸெல்லோடுதான் குடித்தனம். போஸ்டர் டிசைன் செய்வது அதில் சிறு பகுதி.

வேலைவாய்ப்பில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பேனரில் உள்ள '300 ஆஃபர்' என்ற கணக்கில் ஒரே மாணவி வாங்கிய மூன்று ஆஃபரும் மூன்றாக எண்ணப்பட்டிருக்கலாம். நாக் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் ஆண்டுதோறும் ஏ.க்யூ.ஏ.ஆர். என்ற தர அறிக்கையைத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அதில் 5.2 என்ற பகுதியின் இணைப்பில் வேலை பெற்றவர்கள், படித்த படிப்பு, நிறுவனம், சம்பளம் என்று பட்டியல் இருக்கும். மார்க்கெட்டிங் மாணவர்களை மட்டும் பிரித்து எண்ணி, வகுப்பின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரி கொடுத்த தகவலில் வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகை) இருக்கும். ஆனால் அது எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துத்தான்.

எந்த வேலை என்பதும் முக்கியம். 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்' என்பது பல இடங்களில் போனில் ஆள் பிடிக்கும் வேலை. நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, நிறுவனத்தின் நேரடிப் பணியா, டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது ஏஜென்சி வழியா? இந்த மூன்றையும் முன்னாள் மாணவர்களிடமே கேட்கலாம். லிங்க்டுஇன்னில் கல்லூரிப் பக்கத்தில் 'அலம்னி' பகுதியைத் திறந்தால் யார் எங்கே என்ன வேலையில் இருக்கிறார் என்று தெரியும்.

எங்கள் சாய்வு கோவை பக்கம். ஆனால் கிரேடுக்காக அல்ல. ஊர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வெளியே வந்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேட்ச்தான். விசாரிக்க ஆளே குறைவு. மகள் நாளை மனம் மாறி சி.ஏ. போக நினைத்தாலும், பி.காம்.மில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல்நிலைத் தேர்வு எழுதாமல் நேரே இண்டர்மீடியட்டுக்குப் போகலாம். இருந்தாலும் கோவைப் பாடத்திட்டத்தில் மார்க்கெட்டிங் தாள்கள் ஐந்துக்குக் கீழே, இன்டர்ன்ஷிப்பும் இல்லை என்றால், அதே கல்லூரியின் அரசு உதவி பெறும் பிரிவில் சாதாரண பி.காம். கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டணம் மிகக் குறைவாக இருக்கும். மிச்சமாகும் பணத்தை எம்.பி.ஏ.வுக்கு வைத்துக்கொண்டு மார்க்கெட்டிங்கை அங்கே படிக்கலாம்.

கேள்வி: ஒரு கல்லூரியில் பி.பி.ஏ.வுக்கு 40,000 கட்டிவிட்டோம். இப்போது வேறு கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. பணமும் வராது, சான்றிதழும் தர மாட்டோம் என்கிறார்கள்.
– ஒரு தந்தை, தென்காசி

பதில்: அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும். பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுத் தொகை (5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). அந்தத் தேதிக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அதன் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடச் சலுகையான தேதிகளைத் தனியாக அறிவித்திருக்கிறது. இந்த ஆண்டு சுற்றறிக்கையையும் பாருங்கள்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதால்தான் பலர் தோற்கிறார்கள். விலகல் கடிதத்தை இன்றே எழுதி ஈமெயிலிலும், பட்டுவாடா ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள்; நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். வராவிட்டால் யு.ஜி.சி.யின் 'இ-சமாதான்' புகார் தளத்தில் ரசீது, கடித நகலோடு புகார் பதியுங்கள்.

கேள்வி: பி.காம். மார்க்கெட்டிங் படித்தால் டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியாதா?
– மாணவர், ஓசூர்

பதில்: குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். வணிகவியல் பட்டம்தான் வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும் பதவிகளில் மட்டும் கவனம்: உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், அது பி.காம்.முக்கு இணையானது என்ற அரசாணை கேட்பார்கள். சேரும் முன்பே அந்த அரசாணை எண்ணைக் கல்லூரியில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.