பாட்டுக்காரியும் ஊமைப்படமும்: டி.பி.ராஜலட்சுமி கேள்வி பதில்

ஊமைப்படக் காலத்தில் தொடங்கிய நடிகை டி.பி.ராஜலட்சுமி பற்றி வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு பேட்டையை மட்டும் போட்டிருக்கிறேன்.

புரசைவாக்கம்: ராஜலட்சுமி என்றாலே தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’தான் ஞாபகம் வருகிறது. ஊமைப்படத்திலும் நடித்தாரா சார்?

நடித்தார். ஏ.நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் 1929இல் எடுத்த ‘கோவலன்’ அதில் ஒன்று. அதற்குள்ளேயே நாடக மேடையில் பெயர் வாங்கியவர். 1911இல் திருவையாற்றில் பிறந்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் காலமாகிவிட, அம்மாவோடு திருச்சிக்கு வந்து, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவோடு சாமண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய மூலதனமே குரல்தான். நல்ல பாட்டுக்காரியைக் கூட்டிவந்து வாயை மட்டும் அசைக்கச் சொன்னது ஊமைப்படம். அந்த வகையில் அவருக்கு அது வீண் காலம் என்பதே என் கட்சி.

நீங்கள் புரசைவாக்கம் என்பதால் ஒன்று: நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தை எடுத்தது உங்கள் பக்கத்து மில்லர்ஸ் ரோட்டில்தான்.

திருவல்லிக்கேணி: வசனமே இல்லாமல் கதை எப்படிப் புரிந்தது?

நடுநடுவே எழுத்து அட்டை வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வார். ஆள் கெட்டிக்காரராக இருந்தால் அட்டையில் இல்லாததையும் சேர்த்துவிடுவார்!

பெரம்பூர்: அப்போது ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் நிறைய நடித்தார்களாமே, ஏன்?

வேறு யாரும் வரவில்லை, அதனால்தான். சினிமாவில் நடித்தால் குடும்பப் பேர் கெடும் என்ற பயம். நடராஜ முதலியாரின் ‘திரௌபதி வஸ்திராபகரண’த்தில் திரௌபதியாக வந்தவர் மேரியன் ஹில். தமிழ் பேசவேண்டிய அவசியமே இல்லையே!

வண்ணாரப்பேட்டை: ‘காளிதாஸ்’ நம்ம வால்டாக்ஸ் ரோட்டில்தான் வெளியானதா ஐயா?

ஆமாம், 1931 அக்டோபர் 31, கினிமா சென்ட்ரல். பிற்பாடு முருகன் தியேட்டர் ஆனதே, அதுதான். படப்பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோய், பூ தூவி, தேங்காய் உடைத்தார்கள். எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் பம்பாயில் எடுத்த படம். நாயகி பேசுவது தமிழ், நாயகன் தெலுங்கு! மகாகவி காளிதாசன் கதைக்கு நடுவே ராஜலட்சுமி காந்தியின் ராட்டினத்தைப் பற்றிப் பாடுகிறார். ‘இந்தியர்கள் நம்மவர்க்குள் ஏனோ வீண் சண்டை’ பாட்டும் உண்டு. எழுதியது மதுரை பாஸ்கரதாஸ். கதைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் கூட்டம் வந்ததே அந்தப் பாட்டுகளுக்குத்தான். பேசும் படம் வராமல் இருந்திருந்தால் ‘சினிமா ராணி’ பட்டமும் அவருக்கு வந்திருக்காது.

கே.கே.நகர்: டைரக்டரும் அவர்தான் என்கிறார்களே?

தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை 1936இல் ‘மிஸ் கமலா’ என்று தானே தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண். மகளுக்கும் கமலா என்றே பேர் வைத்தார். பிறகு ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கினார். என்னைக் கேட்டால், ‘காளிதாஸ்’ நாயகி என்பதைவிட இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

மயிலாப்பூர்: அவருடைய ஊமைப்படம் எதையாவது இப்போது பார்க்கமுடியுமா?

முடியாது. அந்த நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் பொடிந்துபோகும். தென்னிந்திய ஊமைப்படங்களில் தப்பியது ‘மார்த்தாண்ட வர்மா’. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் ராஜலட்சுமி இல்லை.