கியர்பாக்ஸ் போய்விட்டது என்றால், அதில் எது போய்விட்டது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எஸ்யூவி வைத்திருப்பவர்களுடையவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: "கியர்பாக்ஸ் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள்." கியர்பாக்ஸ் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. அதற்குள் கிளட்ச், வால்வு, பேரிங், சென்சார், கணினி என்று ஒரு கூட்டமே குடியிருக்கிறது. அதில் எது கெட்டது என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்பவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நான்கு வருடம் ஆன டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி. விடுமுறை நாள் நெரிசலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. நான் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். உண்மையா? — கோவை வாசகர்

பாதி உண்மை. டூயல் கிளட்சில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படை கியர்களுக்கு ஒன்று என இரண்டு கிளட்சுகள் உண்டு. உலர் வகை என்றால் அவற்றைக் குளிர்விக்கக் காற்று மட்டும்தான், எண்ணெய் கிடையாது. நெரிசலில் வண்டி அடி அடியாக ஊரும்போது கணினி அந்தக் கிளட்சைப் பாதி அழுத்திய நிலையிலேயே வைத்திருக்கிறது. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் நிறையப் பேர். கிளட்சைக் கருக்க அதைவிட நல்ல வழி இல்லை. முன்னால் நாலைந்து வண்டி நீளம் இடம் கிடைக்கும் வரை பிரேக்கில் நில்லுங்கள். பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். மேனுவல் முறையில் முதல் கியரிலேயே வைத்து ஏறுங்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரங்கட்டி, பார்க்கிங் நிலையில் போட்டு ஆறவிடுங்கள். அப்போது எஞ்சின் ஓட வேண்டுமா, அணைய வேண்டுமா என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். சமதளத்தில், காலைக் குளிரில், வண்டி கிளம்பும்போதே உதறினால் அது உங்கள் கால் செய்த தவறு அல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் தன் பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச் வண்டிகள் உதறியதற்கு ஓட்டுநரின் பழக்கமே காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்தது. 2018-இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த வழக்கில் இடம்பெற்ற மாடல்களில் ஒன்று ஈகோஸ்போர்ட். நம் மறைமலைநகரிலும் தயாரான வண்டி. ஆகவே, "நீங்கள் ஓட்டுவது சரியில்லை" என்று யாராவது சொன்னால், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேனர் காட்டும் அளவை அச்செடுத்துக் கேளுங்கள். புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தினமும் மலையும் நெரிசலுமாக ஓட்டுபவர் அடுத்த வண்டி வாங்கும்போது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக எஞ்சின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையையே பார்க்கலாம். மைலேஜ் சற்றுக் குறைந்தாலும் நிம்மதி அதிகம்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், 92,000 கி.மீ. ஓடியது. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது உதைக்கிறது. ரிவர்ஸ் தாமதமாக விழுகிறது. புது கியர்பாக்ஸுக்கு நாலரை லட்சம் கேட்கிறார்கள். ஆயில் மாற்றியதே இல்லை, ஆயுள் முழுவதும் போதும் என்றார்கள். — திருச்சி வாசகர்

யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும்! உலகின் முன்னணி கியர்பாக்ஸ் தயாரிப்பாளரான இசட்எஃப், தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அந்த ஆயில் உராய்வைக் குறைக்கிறது, சூட்டை வெளியேற்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அழுத்தம்தான் உள்ளிருக்கும் கிளட்சுகளை இயக்குகிறது. பழைய ஆயிலில் தேய்மானத் தூள் சேர்ந்து வால்வுகளும், அவற்றை மின்சாரத்தால் இயக்கும் சோலினாய்டுகளும் ஒட்டிக்கொண்டால், அழுத்தம் நேரத்துக்கு வந்து சேராது. நீங்கள் சொல்லும் உதையும் தாமதமும் அப்படி வரக்கூடியவைதான்.

முதலில் ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பார்த்த அளவை நம்பாதீர்கள். அடுத்து ஆயிலையே பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பழுப்பாக இருந்து கருகல் வாடை இல்லை என்றால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கணினிக்குக் கியர் மாற்றங்களை மறுபடி கற்றுக்கொடுத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். கியர்பாக்ஸின் அடியில் உலோகத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் பசைபோல நுண்ணிய தூள் இருப்பது இயல்பு. நகத்தில் அகப்படும் உலோகச் செதில் இருந்தால்தான் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும். அப்போதும் வால்வு பாடி, டார்க் கன்வெர்ட்டர் என்று தனித்தனியாக மாற்ற வழி உண்டு. முழு கியர்பாக்ஸ் என்பது கடைசிப் படி. இவர்கள் உங்களை முதல் படியிலேயே அங்கே ஏற்றப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: தயாரிப்பாளர் குறிப்பிட்ட ரக ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். ஆயில்தானே என்று அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2013-இல் ஃபோக்ஸ்வாகன் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது, ஏழு கியர் டூயல் கிளட்ச் பெட்டியிலிருந்த செயற்கை ஆயிலை எடுத்துவிட்டுக் கனிம ஆயில் ஊற்றத்தான். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் பழைய ஆயிலால் மின்கோளாறு வரக்கூடும் என்பதே காரணம்.

மழையில் ஏற்காடு ஏறும்போது பாதுகாப்புக்காக 4எச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறுகிக்கொண்டு இடித்தது. இப்போது அடியில் ஓர் ஊளைச் சத்தம். — சேலம் வாசகர்

உங்களுடையது தேவைப்படும்போது மட்டும் முன், பின் சக்கரங்களை ஒன்றாகப் பூட்டி இயக்கும் வகை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் சுற்றியாக வேண்டும். வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால் அந்த வேறுபாடு போக இடமில்லை. சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார்ச் சாலை நனைந்திருந்தாலும் பிடிமானம் விடாது. முறுக்கு முழுவதும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி மீதும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இணைப்புகள் மீதும் விழும். டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரென்ஷியல் ஆகிய மூன்றின் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். இனி தார்ச் சாலையில் 2எச் (இரு சக்கர இயக்கம்) மட்டும்.

எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். ஒரு டயர் பஞ்சராகி அதை மட்டும் புதிதாக மாற்றினால், மற்ற மூன்றும் தேய்ந்திருக்கும் நிலையில் சுற்றளவு வேறுபடும். நேர்ச் சாலையிலும் சக்கரங்களின் வேகம் ஒத்துப்போகாது.

செகண்ட் ஹேண்ட் டீசல் எஸ்யூவி, மேனுவல். அணைக்கும்போது கடகடவென்று சத்தம். கிளட்சோடு ஃப்ளைவீலும் மாற்ற வேண்டுமாம். ஏமாற்றுகிறார்களா? — மதுரை வாசகர்

இந்த முறை இல்லை என்றே தோன்றுகிறது. டீசல் எஞ்சினின் அதிர்வைத் தாங்க இரண்டு அடுக்கும் இடையில் ஸ்பிரிங்குமாக அமைந்த ஃப்ளைவீல் அது. எஞ்சின் நிற்கும் நொடியில் வரும் சத்தம் ஸ்பிரிங் தளர்ந்ததன் அடையாளம். ஆனால் உறுதி செய்துகொள்ளுங்கள்: நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்தால் மறைகிறது என்றால் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங்கைப் பார்க்க வேண்டும், மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஒற்றை அடுக்கு ஃப்ளைவீல் மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். வேண்டாம். அதிர்வு அப்படியே கியர்பாக்ஸுக்குப் போகும். மிகக் குறைந்த வேகத்தில் உயர் கியரில் முக்கவைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பினால் 'டக் டக்' சத்தம். — நாகர்கோவில் வாசகர்

ஆக்ஸில் முனையில், சக்கரம் திரும்பினாலும் விசையைக் கடத்தும் சிவி ஜாயின்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும். சத்தம் வருமுன் பார்த்திருந்தால் உறையும் கிரீஸும் போதும். இப்போது ஜாயின்டையே மாற்ற நேரலாம்.

வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்றது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. வேறு எதையும் பார்க்க வேண்டுமா? — வேளச்சேரி வாசகர்

கட்டாயம். கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் மூச்சுக்குழாய் உண்டு; அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல், சக்கரம் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் ரிக்கவரி வண்டியில் அனுப்புங்கள்.

நீட்டித்த வாரண்டி இருந்தும், வெளியில் ஒருமுறை ஆயில் மாற்றினேன் என்று கியர்பாக்ஸ் பழுதை ஏற்க மறுக்கிறார்கள். வண்டி விலை 17 லட்சம். — ஈரோடு வாசகர்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதியின்படி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். வெளியில் மாற்றியது எஞ்சின் ஆயில் என்றால், அதற்கும் கியர்பாக்ஸ் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் விளக்கட்டும். சரிவராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் வரும். காலக்கெடு இரண்டு ஆண்டு. வண்டி விற்ற நிறுவனத்தோடு தயாரித்த நிறுவனத்தையும் சேருங்கள். ஆயில் வாங்கிய பில், ஜாப் கார்டுகள், ஸ்கேனர் அச்சு எல்லாம் கையில் இருக்கட்டும். தனி வல்லுநர் ஒருவர் வண்டியைச் சோதித்து அறிக்கை தரும் வரை யாரையும் கியர்பாக்ஸைத் திறக்க விடாதீர்கள்.